நைட்ரஜன் மேல் அமர்ந்த கார்

பிரான்சின் சித்ரோயன் டி.எஸ்., இங்கிலாந்தின் ரோல்ஸ்ராய்ஸ் சில்வர் ஷேடோ: இவற்றில் எது சொகுசு என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். முன்னது 1955இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமானது. பின்னது 1965இல் வந்தது. எட்டு சிலிண்டர் எஞ்சின், மர வேலைப்பாடு, தோல் இருக்கை என்று பார்த்தால் ஷேடோதான். மேடு பள்ளம் உடம்புக்குத் தெரியாமல் போவதே சொகுசு என்றால், என் ஓட்டு டி.எஸ்.ஸுக்கு.

சாதாரண கார் சுருள்வில்லின் மேல் நிற்கிறது. மென்மையான வில் ஓட்டுநர் ஒருவருக்குச் சுகம். ஐந்து பேர் ஏறினால் வண்டி தாழ்ந்துவிடும். கடினமான வில் போட்டால் தனியாகப் போகிறவரின் முதுகு வலிக்கும். டி.எஸ்.ஸில் சுருள்வில்லே கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் உரித்த தேங்காய் போல ஓர் எஃகு உருண்டை. அதன் நடுவே ரப்பர் சவ்வு. ஒருபுறம் நைட்ரஜன், மறுபுறம் எண்ணெய். சக்கரம் மேட்டில் ஏறினால் எண்ணெய் உருண்டைக்குள் பாய்கிறது. எண்ணெய் சுருங்காது, வாயு சுருங்கும். ஆக, வாயுதான் இங்கே வில். உருண்டையின் கழுத்திலுள்ள சிறு துளைகள் எண்ணெயின் வேகத்தைத் தடுத்து, துள்ளலையும் அடக்கிவிடுகின்றன.

பள்ளியில் படித்த பாயில் விதி இங்கே அழகாக வேலை செய்கிறது. உருண்டையின் மேல் சுமை இரட்டித்தால் அழுத்தம் இரட்டிக்கும், வாயுவின் கன அளவு பாதியாகும். இரண்டும் சேர்ந்து வில்லின் விறைப்பு நான்கு மடங்காகிறது! ஆள் ஏற ஏற, வில் தானே கடினமாகிக்கொள்கிறது. வாயு சுருங்கினால் கார் தாழ வேண்டுமே? தாழ்ந்ததும் ஒரு தண்டு சிறு வால்வைத் திறக்கும். பம்பு அனுப்பும் எண்ணெய் அந்த இடத்தை நிரப்பி, காரைப் பழைய உயரத்துக்கே தூக்கிவிடும். சாலையின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது பதறாமலிருக்க, வால்வின் அசைவை வேண்டுமென்றே மந்தமாக்கியிருக்கிறார்கள்.

ரோல்ஸ்ராய்ஸும் இதை உணர்ந்திருந்தது. சித்ரோயனிடம் இந்த எண்ணெய் அழுத்த அமைப்புக்கு உரிமம் வாங்கி, பிரேக்குக்கும் காரின் உயரத்தைச் சமன் செய்யவும் பயன்படுத்தியது. ஆனால் எடையைத் தாங்கியது சுருள்வில்தான். முன்பக்கச் சமன் அமைப்பையும் 1969இல் கைவிட்டார்கள். உயரம் மாறாது, சரி. சுமைக்கேற்ப இறுகும் அந்த அற்புதம் ஷேடோவுக்குக் கிடைக்கவில்லை.

டி.எஸ்.ஸின் இந்த அமைப்பை உருவாக்கிய சித்ரோயன் ஊழியர் பால் மாஜஸ் பொறியியல் பட்டம் பெறாதவர். 1942இல், நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது தொடங்கிய ஆய்வு, 1954இல்தான் முதன்முதலாக ஒரு காரின் பின்சக்கரங்களுக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள்! இரண்டு, மூன்று ஆண்டுகளில் பலன் காட்டாத ஆய்வுக்குப் பணத்தை நிறுத்துவது பெரும் தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பழைய கார் அணிவகுப்பு எதிலாவது டி.எஸ். நின்றால், உரிமையாளரிடம் எஞ்சினை இயக்கச் சொல்லுங்கள். நெடுநேரம் நின்றதில் அழுத்தம் குறைந்து தரையோடு படுத்திருக்கும் கார், முதலில் பின்பக்கத்தையும் பிறகு முன்பக்கத்தையும் உயர்த்தி மெல்ல எழுந்து நிற்கும்.