உப்புக் கரைசலில் உயிர் உரம்: வாழைத் தோட்டத்தில் பார்த்தது

தொட்டியம் பக்கம் ஒரு பூவன் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மோட்டார் கொட்டகை ஓரம் ஒரு டிரம்மில் யூரியாவும் பொட்டாஷும் கரைந்துகொண்டிருந்தன. அதே டிரம்மில் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற இரண்டு உயிர் உரங்களையும் கொட்டப் போனார் தோட்டக்காரர். "ஒரே வேலையா முடிஞ்சிரும் சார்" என்றார். "அண்ணே, கொஞ்சம் நில்லுங்க" என்று கையைப் பிடித்துவிட்டேன்.

அவர் மேல் தப்பில்லை. 'உயிர் உரம்' என்று பெயர் வைத்தால் அதையும் ஓர் உரமாகத்தான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்தக் கரித்தூள் மாதிரியான பொடிக்குள் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. அடர்த்தியான உரக் கரைசலில் விழுந்தால் அதன் உடம்பிலுள்ள நீர் வெளியே இழுக்கப்பட்டுச் செத்துப்போகும். உப்பில் ஊறிய மாங்காய் கெடாமல் இருப்பதும் இதனால்தான். காசு கொடுத்து வாங்கிய உயிரை நாமே ஊறுகாய் போட்டுவிடுகிறோம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை தெளிவாகவே இருக்கிறது. நடும்போது ஒரு முறை, ஐந்தாம் மாதம் ஒரு முறை, குழிக்கு இரண்டிலும் தலா 20 கிராம். ரசாயன உரம் வைப்பதற்கு முன்பே இதைக் கொடுத்துவிட வேண்டும். நான் இரண்டுக்கும் நடுவே பதினைந்து இருபது நாள் இடைவெளி விடச் சொல்கிறேன். மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் இருக்கும்போது, வெயில் தாழ்ந்த பிறகு மரத்தைச் சுற்றிப் போட்டு மண் மூடினால் போதும். வாழையின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே ஓடுவதால் ஆழமாகத் தோண்டத் தேவையில்லை. மண் காய்ந்து கிடந்தால் போட்டும் பயனில்லை.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. "நுண்ணுயிர் போட்டாச்சு, இனி உரமே வேண்டாம்" என்று யாரோ சொன்னதை நம்பித் தார் சிறுத்துப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன். தோட்டக்கால் வாழையில், நேந்திரன் தவிர்த்த ரகங்களுக்கு, மரத்துக்கு 110 கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்), 35 கிராம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 330 கிராம் சாம்பல்சத்து (பொட்டாஷ்) என்பது பரிந்துரை. அந்தச் சாம்பல்சத்தை 60 சதவீத பொட்டாஷ் உரமாகக் கணக்குப் போட்டால் மரத்துக்கு 550 கிராம். பாக்டீரியா மண்ணில் இருப்பதைக் கரைத்துத் தரும்; இல்லாததை எங்கிருந்து கொண்டுவரும்? தழைச்சத்தை மட்டும் அசோஸ்பைரில்லம் காற்றிலிருந்து ஓரளவு பிடித்துத் தரும். எவ்வளவு உரம் குறைக்கலாம் என்பதை மண் பரிசோதனை பார்த்து முடிவு செய்யுங்கள்.

மணிச்சத்து விஷயம் வேறு. வருஷா வருஷம் டி.ஏ.பி. என்ற மணிச்சத்து உரத்தைக் கொட்டிய நிலத்தில் அது ஏற்கெனவே மண்ணில் கட்டுண்டு கிடக்கும். அதை விடுவிக்கத்தான் பாஸ்போபாக்டீரியா. மணிச்சத்து மிகுந்த மண்ணில் வேரோடு ஒட்டி வாழ்ந்து மணிச்சத்தை உறிஞ்சித் தரும் பூஞ்சையான வேம் (VAM) சரியாக வேரில் சேராது. அங்கே மறுபடியும் டி.ஏ.பி. வைப்பது இரட்டை நஷ்டம்.

ரஸ்தாளி வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். வாடல் நோய்க்குப் பயந்து டிரைக்கோடெர்மா விரிடி போடுகிறீர்கள், நல்லது. அப்புறம் அதே வாரம் வேரில் கார்பெண்டசிம் ஊற்றினால்? டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான். நோய்ப் பூஞ்சைக்கு வைத்த மருந்து இதையும் கொன்றுவிடும்.

கடையில் வாங்கும்போது விலைக்கு முன்னால் பாக்கெட்டைத் திருப்பித் தேதியைப் பாருங்கள். பொடி வடிவத்துக்கு ஆயுள் சுமார் ஆறு மாதம்தான். தேதி சரியாக இருந்தாலும், வெயில் படும் இடத்தில் அடுக்கி வைத்திருந்தால் நான் வாங்க மாட்டேன். வீட்டிலும் பூச்சிமருந்து டப்பாக்களோடு சேர்த்து வைக்காதீர்கள்.