சுண்ணாம்புச் சுவரில் டேப் ஒட்டும் முன்

பழைய காலத்துக் கதையை பீரியட் படமாக எடுப்பவர்களுக்குத் தரங்கம்பாடி மேல் ஒரு கண் உண்டு. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று 1620-இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை, 1718-இன் புதிய எருசலேம் ஆலயம், 1792-இல் கட்டிய நகர வாயில், ராஜவீதியின் தூண் வைத்த வீடுகள் எல்லாம் நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கின்றன. பாண்டிச்சேரியின் நெரிசலும் இல்லை.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். படப்பிடிப்பு முடிந்து, அதாவது பேக்கப் ஆகி, யூனிட் கிளம்பிய பிறகுதான் இதுபோன்ற இடங்களுக்கு எங்களைக் கூப்பிடுவார்கள். கிரேன், ஜெனரேட்டர் வண்டி போன்ற பெரிய சாமான்களுக்கு எல்லோரும் பயப்படுவதால் அவற்றால் வரும் சேதம் குறைவு. நான் அதிகம் பார்ப்பது டேப், பெயின்ட், தண்ணீர் மூன்றும் செய்த வேலையைத்தான்.

இந்த ஊரின் பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், பிறகு வெளியே விடும். கடலோரத்தில் ஈரத்தோடு உப்பும் சுவருக்குள் போகிறது. காயும்போது அந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து, அதைச் சுவரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். பார்வைக்கு நன்றாக இருக்கும் சுவரை விரலால் தட்டிப் பாருங்கள். சில இடங்களில் பொள்ளலாகச் சத்தம் வரும். அங்கே கேபிளுக்காக ஒட்டிய டேப்பைச் சாயங்காலம் உரித்தால் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சும் கூடவே வரும்.

அதைவிட மோசம், வந்த காயத்தை மறைக்க பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்துவிட்டுப் போவது. அந்தப் பெயின்ட் ஈரத்தை வெளியே விடாது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து பார்த்தால் அந்த இடம் மட்டும் கொப்புளித்து, பக்கத்துப் பழைய பூச்சையும் இழுத்துக்கொண்டு விழுந்திருக்கும். சிமெண்ட் வைத்து அடைத்தாலும் இதே கதிதான். ஒரு வீட்டுத் திண்ணைச் சுவரைப் 'பழசாக'க் காட்டப் பெயின்ட் அடித்த விளம்பரக் குழுவையும் பார்த்திருக்கிறேன். நூறு வருஷத்துக்கு மேலான சுவர் அது!

ஆர்ட் டிபார்ட்மெண்டுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் செட் தன் காலில் நிற்கட்டும். பிளைவுட் தட்டியைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி நிறுத்தி, மணல் மூட்டை வைத்து, அதில் எந்த நிறம் வேண்டுமோ அடித்துக்கொள்ளுங்கள். விளக்கு ஸ்டாண்டுக்கு அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். கோட்டையின் கீழ்த்தள வளைவு அறைகளில் எண்ணெய்ப் புகை மெஷின் வேண்டாம், அந்தப் பிசுக்கு சுண்ணாம்பை விட்டுப் போகாது. மழைக் காட்சி என்றால் நடுத்தெருவில் எடுங்கள், சுவரோரத்தில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். கனரக வண்டிகளும் கேரவனும் நகர வாயிலுக்கு வெளியிலேயே நிற்கட்டும்.

அனுமதி விஷயத்தில் ஒரே கையெழுத்து எல்லாவற்றுக்கும் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. கோட்டை மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. தெருவுக்குப் பேரூராட்சியும் போலீசும், எருசலேம் ஆலயத்துக்குத் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும், ராஜவீதி வீடுகளுக்கு அந்தந்த உரிமையாளரும் சம்மதிக்க வேண்டும். ட்ரோன் என்றால் மத்திய அரசின் 2021 ட்ரோன் விதிகள் தனி. கடலோரத்து மாசிலாமணி நாதர் கோயிலில் படம் எடுக்க அனுமதியே கேட்காமல், அதை விட்டுவிட்டால் நல்லது. 1306-இல் தொடங்கிய கோயில். முன்பகுதியைக் கடல் எப்போதோ தின்றுவிட்டது, மிச்சத்தைக் கருங்கல் அரண்தான் காக்கிறது.

கேமராமேன்களுக்கு ஒரு வார்த்தை. இது கிழக்குக் கடற்கரை. கோட்டையின் கடல் முகத்தில் வெயில் விழுவது காலையில்தான், மதியத்துக்குப் பிறகு அது நிழல். கடலில் சூரியன் மறைய வேண்டுமென்றால் கேரளாவுக்குப் போங்கள்.

அப்புறம், கடற்கரை காலி இடம் இல்லை. வலை காய்வதும் படகு ஏற்றுவதும் அங்கேதான். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். ஆனால் நாட்டுப்படகுகள் அப்போதும் கடலுக்குப் போகும். மீனவர்களின் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முதலில் உட்கார்ந்து பேசுங்கள். வேலை கெடுகிற ஒவ்வொரு படகுக்கும் கூலி உண்டு என்று எழுதிக் கொடுங்கள். 2004 சுனாமியில் ஆட்களை இழந்த குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அலை வந்து ஊரை அடிக்கும் காட்சிக்கு அவர்களையே துணை நடிகர்களாகக் கூப்பிடும் முன் யோசியுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் 'இருந்தபடியே திருப்பித் தருவோம்' என்று எழுதியிருக்கும். எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி வேண்டாமா? யூனிட் இறங்குவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் தேதியோடு படம் எடுத்து, பொள்ளல் இடங்களைச் சாக்பீஸால் குறித்து, அந்தப் படங்களை ஒப்பந்தத்தோடு இணையுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரின் கூலியைப் படத்தின் பட்ஜெட்டிலேயே கேளுங்கள். அந்தப் பூச்சு நாள் கணக்கில் ஈரம் காத்து ஆற வேண்டும், ஒரே நாளில் முடியாது. வைப்புத்தொகையைப் பேக்கப் அன்றே மொத்தமாகத் திருப்பிவிடாதீர்கள். பாதியையாவது தை மாதம் வரை கையில் வைத்திருங்கள். ஒரு மழை போனால்தான் சுவர் கணக்கு தெரியும்.