டியூட்டெரோமைசீட்ஸ்: எதில் குறை?

தாவரவியல் பாடத்தில் பூஞ்சை வகைகளின் வரிசையில் கடைசியாக வந்து நிற்கும் பெயர் இது. பக்கத்திலேயே 'முழுமை பெறாப் பூஞ்சைகள்' என்று தமிழும் போட்டிருப்பார்கள், படிக்கிறவர்கள் ஏதோ அரைகுறையாக வளர்ந்த பூஞ்சை என்று நினைத்துக்கொள்வார்கள். வளர்ச்சியில் ஒரு குறையும் கிடையாது, வயலையே காலிபண்ணும்.

கிரேக்கத்தில் டியூட்டெரோஸ் என்றால் இரண்டாவது, மைக்கெஸ் என்றால் காளான். தமிழ்ப் பெயர் இதிலிருந்து வரவில்லை, 'ஃபங்கி இம்பெர்ஃபெக்டி' என்ற லத்தீன் பெயரிலிருந்து வந்தது. பூஞ்சையின் பால் இனப்பெருக்க நிலையை 'முழுநிலை' என்பது அந்தக் காலத்து வழக்கம். வகைப்படுத்தியதும் அதை வைத்துத்தான்: அந்த நிலையில் வித்துகள் பைக்குள் உண்டானால் ஆஸ்கோமைசீட்ஸ் (ஆஸ்கோஸ் என்றால் தோல்பை), தண்டாயுதம் போன்ற செல்லின் வெளியே முளைத்தால் பெசிடியோமைசீட்ஸ். சரி, அந்த நிலையே யார் கண்ணிலும் படாவிட்டால்? தூக்கி இதில் போட்டார்கள். ஆக, இதிலிருந்தவை ஒன்றுக்கொன்று உறவாக இருக்கவேண்டும் என்ற அவசியமே இல்லை.

நெல் குலைநோயை எடுத்துக்கொள்ளுங்கள். இலையில் கண் வடிவப் புள்ளி, நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. நுண்ணோக்கியில் வைத்தால் பேரிக்காய் வடிவ வித்துகள், இந்தப் பூஞ்சைக்குப் பைரிகுலேரியா என்ற பெயரே அந்த வடிவத்தால் வந்ததுதான். பிறகு ஆய்வகத்தில் பால்நிலை தெரியவந்தபோது அதற்கு மேக்னபோர்தே என்று தனிப்பெயர். ஒரே உயிருக்கு இரண்டு பெயர், இரண்டும் விதிப்படி செல்லும்! 2011-இல் மெல்போர்னில் நடந்த தாவரவியல் மாநாட்டில்தான் 'ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர்' என்று விதியை மாற்றினார்கள்.

அதற்குள் டிஎன்ஏ ஒப்பீடும் வந்துவிட்டது, பால்நிலைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாழையில் வாடல் நோய் உண்டாக்கும் ஃபுசேரியம் ஆக்சிஸ்போரத்தின் பால்நிலையை இன்னும் யாரும் பார்த்ததில்லை, ஆனாலும் அது ஆஸ்கோமைசீட்ஸ் கூட்டம்தான் என்பதில் சந்தேகமில்லை. டியூட்டெரோமைசீட்ஸில் கிடந்தவற்றில் பெரும்பாலானவை அந்தப் பக்கம்தான் போய்ச் சேர்ந்தன.

தமிழில் எப்படிச் சொல்லலாம்? 'இரண்டாம் பூஞ்சை' என்றால் ஒன்றும் விளங்காது. 'முழுமை பெறா' என்பது பழகிவிட்டது, ஆனால் பழியைப் பூஞ்சைமேல் போடுகிறது. என்னைக் கேட்டால் 'பால்நிலை அறியாப் பூஞ்சைகள்' என்பேன், கொஞ்சம் நீளம்தான். எதைச் சொன்னாலும் ஆஸ்கோமைசீட்ஸுக்குச் சமமான இன்னொரு பிரிவு என்று மட்டும் எழுதவேண்டாம், அந்தத் தகுதி அதற்கு இப்போது இல்லை.