சார்வளர்ச்சி வீதமா, ஒப்பீட்டு வளர்ச்சி விகிதமா?

ஆங்கிலத்து 'relative growth rate' இன் தமிழாக்கமாக, யாழ்ப்பாணத்து ஆய்வரங்குகளில் 'ஒப்பீட்டு வளர்ச்சி விகிதம்' என்ற தொடர் இப்போது காது புளிக்கும் அளவுக்கு ஒலிக்கிறது. எந்த அறிவியல் துறை எவ்வளவு விரைவாகப் பெருகுகிறது என்பதை, அதில் வெளியாகும் கட்டுரைகளை எண்ணிக் கணிக்கும் நூலகவியல் ஆய்வுகளில்தான் இதன் புழக்கம் அதிகம். மூன்று சொற்களில் இரண்டு பிழையானவை. 'வளர்ச்சி' மட்டும் தப்பியிருக்கிறது.

இந்த அளவை தாவரவியலில் பிறந்தது. பெரிய செடி சிறிய செடியைவிட நாளொன்றுக்குக் கூடுதலான எடை ஏறும். அதற்காக அது விரைந்து வளர்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஏறிய எடையை ஏற்கனவே இருந்த எடையோடு சேர்த்து நோக்க வேண்டும். தாவர வளர்ச்சி கூட்டுவட்டி போன்றது என்று 1919 இல் தாவரவியலாளர் பிளாக்மன் எழுதினார். பின்னர் நூலகவியலார் எடையின் இடத்தில் கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்தார்கள். இரு காலப்புள்ளிகளிலுள்ள எண்ணிக்கைகளின் இயற்கை மடக்கைகளைக் கழித்து, இடைப்பட்ட ஆண்டுகளால் வகுத்தால் விடை வரும். அந்த விடையால் 0.693 ஐ (2 இன் இயற்கை மடக்கை) வகுத்தால் இரட்டிப்புக் காலம்.

இதில் 'ஒப்பீடு' எங்கே இருக்கிறது? ஒரு துறையில் 200 கட்டுரைகள் ஐந்தாண்டுகளில் 400 ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம், வளர்ச்சி 0.139. இன்னொரு துறையில் அதே ஐந்தாண்டுகளில் 20,000 கட்டுரைகள் 21,000 ஆகின்றன, வளர்ச்சி 0.0098 மட்டுமே. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அதற்குப் பிறகு நாம் செய்யும் வேலை. உலகில் ஒரே ஒரு துறைதான் இருந்தாலும் அதற்கு இந்த அளவு உண்டு. 'ஒப்பீட்டு' என்றதும் வாசகர் "எந்தத் துறையோடு ஒப்பிட்டு?" என்று தேடத் தொடங்குகிறார். இல்லாத ஒன்றைத் தேடவைக்கும் கலைச்சொல்லால் யாருக்கு என்ன பயன்?

நம்மிடம் சொல் இல்லாமலும் இல்லை. சாரணுத்திணிவு (relative atomic mass), சாரீரப்பதன் (relative humidity) என்று, 'relative' க்குச் 'சார்' வைத்து, இலங்கைப் பாடநூல்கள் தலைமுறைகளாக எழுதிவருகின்றன. அந்தத் தடத்திலேயே போனால் 'சார்வளர்ச்சி' தானாக வந்து நிற்கும். தமிழ்நாட்டார் 'ஒப்பு அணு நிறை', 'ஒப்படர்த்தி' என்பார்கள். நீரோடு ஒப்பிடும் அடர்த்திக்கு அது பொருந்தும், அதில் எனக்குச் சண்டை இல்லை. தன் பருமனையே சார்ந்து வளரும் ஒன்றுக்கு அது பொருந்தாது.

'சார்' என்று எழுதினால் "எதைச் சார்ந்து?" என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வி எழாததால் விளைந்த கூத்து ஒன்று உண்டு. இந்த ஆய்வுகள் பலவற்றில் ஆண்டுதோறும் திரண்டுவரும் மொத்தத்தையே கணக்கில் எடுக்கிறார்கள். ஆண்டுக்குச் சரியாக 100 கட்டுரைகள் வெளியாகும் துறையைப் பாருங்கள்: மொத்தம் 100, 200, 300, 400. வளர்ச்சியோ 0.693, 0.405, 0.288 என்று இறங்கிக்கொண்டே போகும். உடனே "இத்துறை தளர்ந்துவருகிறது" என்று முடிவுரை எழுதிவிடுகிறார்கள். துறை தளரவில்லை, அடியிலுள்ள மொத்தம் பெருத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது விகிதம். 'விஹித' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. வடசொல் என்பதற்காக நான் அதைத் துரத்தவில்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள பாலின விகிதம் சரி, சீமெந்தும் மணலும் கலக்கும் விகிதம் சரி. இரண்டு அளவுகளை எதிரெதிரே நிறுத்துவது விகிதம். ஆண்டுக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்பது வீதம். வட்டி வீதம், பிறப்பு வீதம் என்று இங்கே சந்தைக்காரரும் சரியாகத்தான் சொல்லிவந்தார்கள். சென்னைத் தொலைக்காட்சிகளின் 'வட்டி விகிதம்', 'வளர்ச்சி விகிதம்' நம் மொழிபெயர்ப்பாளர்களின் கையில் அப்படியே ஒட்டிக்கொண்டன. தமிழ்நாட்டுப் பாடநூல்களே 'மாறுவீதம்' என்று எழுதும்போது செய்தி வாசிப்பவரைப் பின்பற்றுவானேன்? மானிப்பாயில் அமெரிக்க மிசனரி மருத்துவரான கிறீன் வைத்தியர் 19 ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த ஊர் இது. கலைச்சொல்லுக்காக இரவல் வாங்கும் நிலை நமக்கு எப்படி வந்தது?

வீதத்திலும் ஒரு சிக்கல் இருப்பதை மறைக்க மாட்டேன். நம் பத்திரிகைகள் நூற்றுக்கு இவ்வளவு என்பதையும் வெறும் 'வீதம்' என்றே எழுதுகின்றன. உலக அறிவியல் வெளியீடுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 நூற்றுவீதம் பெருகி, 17 ஆண்டுகளில் இரட்டிப்பதாக 2021 இல் ஒரு கணிப்பு வந்தது. நம்மவர் கையில் அது '4 வீத வளர்ச்சி வீதம்' ஆகிவிடும். அங்கே 'நூற்றுவீதம்' என்றோ 'சதவீதம்' என்றோ முழுதாக எழுதுங்கள். இரண்டெழுத்து மிச்சம் பிடித்து யாரும் அச்சுக்கூலியைக் குறைக்கப் போவதில்லை.