எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல, பையன் நடிக்கிறான்!

"சின்ன வயசுல என்னமா ஆடினான்! இப்ப செலக்ஷனுக்குக் கூப்பிட்டாலே முகத்தைத் திருப்பிக்கிறான். தலைக்கனம் சார்."

விளையாட்டுப் பிசியோதெரபி பார்க்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இந்த முறை சொன்னவர் அப்பா, அதுவும் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. பதினாறு வயது, கோவில்பட்டிப் பக்கம். ஹாக்கியில் வலப்பக்கத் தடுப்பாட்டக்காரன், அதாவது ரைட் பேக். பள்ளி, கிளப், மாவட்டம் என்று எந்த அணியில் ஆடினாலும், எதிரணி தப்புச் செய்தால் கோல் அடிக்கக் கிடைக்கும் பெனால்டி கார்னரை அடிப்பது அவன்தான். குறுக்கு வலி தொடங்கிப் பல மாதம் ஆகிறது. எண்ணெய் போட்டு நீவியாயிற்று. வாயுப்பிடிப்பு என்று கஷாயம் குடித்தாயிற்று. புத்தூர் கட்டும் போட்டாயிற்று. கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்தால், இடுப்பின் ஐந்தாவது முள்ளெலும்பில் விரிசல்.

கோவில்பட்டியை 'ஹாக்கிப்பட்டி' என்று சும்மா சொல்வதில்லை. அங்கிருந்து கிளம்பிய மாரீஸ்வரன் சக்திவேல் 2022-இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார். அவர் மாதிரி வருவான் என்று ஊரே கைதட்டிய பையன்களில் எத்தனை பேர் இருபது வயதில் மைதானத்தின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள் என்று யாராவது விசாரித்ததுண்டா?

எல்லாவற்றுக்கும் முதுகுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மேலே போகப் போகப் போட்டி கடுமை. 2016-இல் லக்னோவில் பெல்ஜியத்தை 2-1 என்று வென்று ஜூனியர் உலகக்கோப்பையைத் தூக்கிய கேப்டன் ஹர்ஜீத் சிங்குக்கே டோக்கியோ ஒலிம்பிக் வாய்க்கவில்லை. பெனால்டி கார்னரில் பந்தை ஸ்டிக்கால் இழுத்து கோலை நோக்கி வீசுவதற்கு டிராக் ஃபிளிக் என்று பெயர். அதில் அந்தக் காலத்து நட்சத்திரமான ஜுக்ராஜ் சிங்கின் ஆட்டத்தை 2003-இல் ஒரு கார் விபத்து முடித்துவைத்தது. அதையெல்லாம் யாரும் தடுத்திருக்க முடியாது. இந்தப் பையனின் விரிசலைத் தடுத்திருக்கலாம், என் கோபமெல்லாம் அதில்தான்.

ஹாக்கியில் இடக்கை ஸ்டிக் கிடையாது. ஸ்டிக்கின் தட்டையான பக்கத்தால்தான் பந்தை ஆட வேண்டும். அதனால் எல்லாருக்கும் உடம்பு ஒரே திசையில் திருகுகிறது, அதுவும் குனிந்த நிலையில். டிராக் ஃபிளிக்கில் அந்தத் திருகல் உச்சத்துக்குப் போகும். முள்ளெலும்பின் பின்பக்கம் ஒரு மெல்லிய பகுதி இருக்கிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் விட்டுப்போகுமே, அப்படித்தான் அதுவும் விரிகிறது. ஒரே நாளில் விழுந்து உடைவதில்லை. அதனால் "எங்கேயும் விழலையே சார்" என்பது பதில் ஆகாது.

சரி, எக்ஸ்ரே விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்ப நிலையில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எலும்புக்குள் நடக்கும் மாற்றம் எம்.ஆர்.ஐ.யில்தான் முதலில் தெரியும். அதாவது எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதால் விரிசல் இல்லை என்று ஆகாது. பையன் பொய் சொல்கிறான் என்று நிச்சயமாக ஆகாது! ஆனால் நடப்பது என்ன? எக்ஸ்ரே நார்மல் என்றதும் வீட்டில் திட்டு, பி.டி. வாத்தியாரிடம் திட்டு, தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓட்டம். பையன் வலியை மறைக்கப் பழகிக்கொள்கிறான். குனிய முடியாததால் பந்தை நிறுத்தும்போது தடுமாறுகிறான். அதற்கு 'ஃபார்ம் போச்சு' என்று பெயர். அப்புறம் பயிற்சிக்கே வருவதில்லை. அதற்குத்தான் தலைக்கனம் என்று பெயர்.

எங்கள் ஆட்களையும் விட்டுவைக்க மாட்டேன். என்ன வலி என்று கண்டுபிடிக்காமலே பத்து நாள் 'கரண்ட்' வைத்து அனுப்புகிறவர்கள் எங்கள் தொழிலிலும் இருக்கிறார்கள். வலி கொஞ்சம் அடங்கும், பையன் மறுபடி ஃபிளிக் அடிக்கப் போய்விடுவான்.

வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பதினாறு வயதுப் பையன் பதினான்கு வயதுப் பிள்ளைகளோடு ஆடினால் நட்சத்திரமாகத்தான் தெரிவான். சீனியருக்குப் போனதும் அந்த இரண்டு வயது காணாமல் போய்விடும், கூடவே நட்சத்திரமும்.

இனி செய்ய வேண்டியது. வளரும் பிள்ளைக்குக் குறுக்கு வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, பின்னால் வளையும்போது கூடினாலோ, ஆட்டத்தை உடனே நிறுத்துங்கள். எலும்பு மருத்துவரிடம் போங்கள், ஹாக்கி ஆடுகிறான் என்று முதலிலேயே சொல்லுங்கள். இரவில் தூங்கவிடாத வலி, காய்ச்சல், கால் மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது இதெல்லாம் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். ஊசி போட்டுக்கொண்டு ஃபைனல் ஆடுவது வீரம் இல்லை, தயவுசெய்து அதைப் பெருமையாகப் பேசாதீர்கள்.

பயிற்சியாளர்களே, கிரிக்கெட்டில் இளம் வேகப்பந்து வீச்சாளர் எத்தனை ஓவர் போடலாம் என்று வயதுவாரியாக வரம்பு வைத்திருக்கிறார்கள். உங்கள் ஃபிளிக்கர் வாரத்துக்கு எத்தனை அடிக்கிறான் என்று ஒரு நோட்டிலாவது எழுதுகிறீர்களா? ஒரே பையனை மூன்று அணிக்கு ஆடவிடாதீர்கள். மண் தரையில் பழகியவனை டர்ஃப் என்கிற செயற்கைப் புல்தரையில் முதல் வாரமே முழு ஆட்டம் ஆடவைக்காதீர்கள். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நின்றுபோனால் 'விளையாடுறா, அப்படித்தான்' என்று விடாதீர்கள். பல நேரம் அது சாப்பாடு போதவில்லை என்பதன் அடையாளம். அடுத்து எலும்புதான் பலவீனமாகும்.

மூன்று மாத ஓய்வு என்றதும் அந்த அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. நேரத்தோடு கண்டுபிடித்து ஓய்வெடுத்து, வயிறு, இடுப்புத் தசைகளைப் பலப்படுத்தியவர்களில் பெரும்பாலானோர் மறுபடி ஆடுகிறார்கள். மறைத்து மறைத்து ஆடினால் எலும்பு முன்னால் நழுவவும் கூடும். மே மாதம் முழுக்க டோர்னமென்ட் ஆடிவிட்டு ஜூனில் தாங்கித் தாங்கி நடந்து வராமல், வலி இருக்கிற பிள்ளையை ஏப்ரலிலேயே அழைத்து வாருங்கள். வரும்போது பையனையே பேச விடுங்கள்.