விஜி ஒட்டுனா ஸ்டால் சரியாயிடுமா? முதல்ல கம்பளி நூல ஒட்டுங்க

போன மாசம் ஒரு தம்பி வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினான், டல்லாஸ் பக்கம் ஐடி வேலை, கராஜ்ல ரெண்டு வருஷமா கிட் பிளேன் (பாகமா வாங்கி நாமளே சேத்துக் கட்டுறது) கட்டிட்டு இருக்கான், "அண்ணா, இறக்கை மேல விஜின்னு குட்டித் தகடுங்க ஒட்டிட்டா ஸ்டால் பத்தி கவலையே வேணாமாமே, ஒட்டிடவா?"ன்னு கேக்குறான். பிளேன் இன்னும் ஒரு தடவை கூட பறக்கல. நோயே என்னன்னு தெரியாது, அதுக்குள்ள மருந்து. நான் டெக்சாஸ்ல பிளேன் மெக்கானிக் வேலையும் பாக்குறேன், பறக்கவும் சொல்லிக் குடுக்குறேன், இந்தக் கேள்வி வருஷத்துக்கு நாலஞ்சு தடவை வந்துடுது, அதான் எழுதிடலாம்னு.

விஜின்னா வோர்டெக்ஸ் ஜெனரேட்டர். இறக்கையோட முன் விளிம்புல இருந்து அகலத்துல ஒரு 7 லேர்ந்து 10 சதவீதம் தள்ளி, காத்துக்கு கொஞ்சம் சாய்வா வரிசையா ஒட்டுற குட்டித் தகடுங்க, உயரம் பாத்தா அரை விரலுக்கும் கம்மி. இறக்கையை ஒட்டி ஓடுற காத்து உரசி உரசி வேகம் செத்துப் போயிருக்கும், மூக்கை ரொம்பத் தூக்குனா அந்தக் காத்தால பின்னாடி வரைக்கும் ஒட்டிப் போக முடியாம பிச்சிக்கும், இறக்கை பிளேனைத் தாங்குறது குறைஞ்சுடும், அதான் ஸ்டால். பாயசம் அடிப்பிடிக்காம கரண்டி போட்டுக் கிண்டுற மாதிரி, இந்தத் தகடு ஒவ்வொண்ணும் ஒரு சுழலக் கிளப்பி மேல இருக்குற வேகமான காத்தை அடியில கொண்டுவந்து சேக்குது. இறக்கை இன்னும் சில டிகிரி தாங்கும். இதுல பித்தலாட்டம் ஒண்ணும் இல்ல, 1986ல எங்கயும் இறங்காம உலகத்தை சுத்தி வந்த வாயேஜர் விமானத்துலயே, மழைல முன் இறக்கை லிஃப்ட், அதாவது தூக்குற விசை, இழக்குதுன்னு இதைத்தான் ஒட்டுனாங்க.

ஆனா ஸ்டால் எந்த வேகத்துல வருதுங்கறது ஒரு விஷயம், வரும்போது பிளேன் எப்படி நடந்துக்குதுங்கறது வேற விஷயம். ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறாங்க.

ஒரு பெரியவர், ரிட்டயர் ஆனவர், துணி போத்துன ஹை விங் டெயில்வீல் பிளேன் (இறக்கை உடம்புக்கு மேல, சின்ன சக்கரம் வாலுக்கு அடியில), அவரே கட்டினது. ஸ்டால் பண்ணா இடது இறக்கை பொசுக்குனு விழுது. கையில விஜி பாக்கெட்டோட வந்து நின்னார். "நாளைக்கு ஒட்டலாம் சார், இன்னைக்கு நூல் ஒட்டுவோம், காத்து எங்க பிச்சிக்குதுன்னு அது காட்டிக்குடுக்கும்"னு சொன்னேன். சிவப்பு கம்பளி நூல மூணு நாலு அங்குலத்துக்கு வெட்டி ரெண்டு இறக்கை மேலயும் மாஸ்கிங் டேப்பால வரிசையா ஒட்டினோம், ஹை விங்குக்கு மேல் பக்கம் உள்ள இருந்து தெரியாதுல்ல, அதனால வால் மேல ஒரு சின்ன கேமரா. அஞ்சாயிரம் அடியில மெதுவா ஸ்டால் பண்ணி இறங்கி வந்து வீடியோ பாத்தா, வலது இறக்கைல நூலெல்லாம் உடம்போட சேர்ற இடத்துல முதல்ல ஆடுது, அது நல்ல பிள்ளை. இடதுல ஏலரானுக்கு, அதாவது பிளேனை சாய்க்கிற நுனிப் பக்கத்து அசையும் பலகைக்கு, முன்னாடி இருக்குற நூலுங்கதான் முதல்ல தலைகீழா திரும்பி முன்பக்கம் பாக்குது. டிஜிட்டல் லெவல் வச்சு அளந்தா இடது நுனில வாஷ்அவுட், அதாவது நுனியை கொஞ்சம் கீழ்நோக்கி முறுக்கி வச்சிருக்கறது, கிட்டத்தட்ட ஒரு டிகிரி கம்மி. "க்ரூஸ்ல, நேரா பறக்கும்போது, வலது பக்கம் சாயுமே?"ன்னு கேட்டேன், "ஆமா, அதுக்குத்தான் ஏலரான்ல சாய்வை ஈடுகட்ட ஒரு குட்டித் தகடு (ட்ரிம் டேப்) ஒட்டிருக்கேன்"ங்கறார்! நோயோட அறிகுறிய மூடி வச்சிட்டு நோயோட பறந்திருக்கார் மனுஷன். இறக்கையைத் தாங்குற பின் கம்பியோட முனையை (ஸ்ட்ரட் ஃபோர்க்) அட்ஜஸ்ட் பண்ணி ரெண்டு பக்கமும் சமம் ஆக்கினதும் நேரா மூக்கைத் தாழ்த்திட்டு சமத்தா இறங்குது, ஒரு விஜி கூட ஒட்டல.

அப்புறமும் அவருக்கு ஆசை விடல, சரி டபுள் சைடு டேப்ல ஒட்டிப் பாருங்கன்னேன், பசை வேண்டாம். மீட்டர்ல ஸ்டால் மணிக்கு 40 மைல்ல இருந்து 30க்கு வந்துடுச்சுன்னு குதிக்கிறார். கணக்கு போட்டுப் பாருங்க, லிஃப்ட் வேகத்தோட வர்க்கத்துல போகுது, 40ஐ 30 ஆக்கணும்னா இறக்கையோட உச்ச லிஃப்ட் கோஎஃபிஷியன்ட், அதாவது தூக்குற திறன், 78 சதவீதம் ஏறணும், 10 சதவீதம் ஏறுனா கிடைக்கிறது ரெண்டே மைல்தான். மூக்கு அவ்ளோ மேல நிக்கும்போது வேகம் அளக்குற பிட்டோ டியூபுக்குள்ள காத்து சாய்வா போகுது, மீட்டர் கம்மியா காட்டுது. காத்தே இல்லாத காலைல நாலு திசைலயும் பறந்து ஜிபிஎஸ்ல சராசரி எடுத்தோம், நிஜமா இறங்கினது மூணு மைல். மோசமில்ல, ஆனா பத்து இல்ல.

அந்த மூணு மைலும் தரையிறங்கும்போது முழுசா கைக்கு வராது. டெயில்வீல் பிளேன் தரைல நிக்கிற கோணத்தை விட மூக்கைத் தூக்குனா வால் சக்கரம்தான் முதல்ல தட்டும், அப்புறம் முன் சக்கரம் டொம்முனு விழும். இறக்கை கூடுதலா தாங்குற டிகிரிய பயன்படுத்த லேண்டிங் கியர் இடம் குடுக்கணுமே. இன்னொண்ணு, சில பிளேன்ல ஸ்டாலுக்கு முன்னாடி வர்ற நடுக்கமே விஜி ஒட்டுனதும் குறைஞ்சுடும், கடைசி வரைக்கும் அமைதியா இருந்துட்டு பட்டுனு உடையும். எனக்கு பயம் அதுலதான். கேனார்ட், அதாவது மூக்குப் பக்கம் சின்ன இறக்கை, வச்ச பிளேன்னா இன்னும் கவனம், முன் இறக்கைதான் முதல்ல ஸ்டால் ஆகணும், அதைப் போய் விஜியால தள்ளிப் போட்டு பின் இறக்கை முந்திக்கிச்சுன்னா மூக்கு கீழ வராது.

நிறைய பேர் சாகிறது ரன்வேக்கு திரும்புற கடைசி வளைவுல. 60 டிகிரி சாய்ச்சு உயரம் விடாம திருப்பினா ஸ்டால் வேகம் 41 சதவீதம் ஏறும், 40 மைல் 57 ஆயிடும். விஜியோட 37 மைல் 52 ஆகும். ரன்வேயத் தாண்டிட்டோம்னு ரடரை (வால் சுக்கானை) அழுத்தி மூக்கை இழுக்குற ஆளை அந்த நாலஞ்சு மைல் காப்பாத்தாது, அங்க இறங்குறதை விட்டுட்டு மேல ஏறி இன்னொரு தடவை சுத்தி வர்றதுதான் வேலை.

எக்ஸ்பெரிமென்டல்தானே, நாமளே கட்டினதுதானே, யாரைக் கேக்கணும்னு சிலர் சனிக்கிழமை ஒட்டிட்டு ஞாயித்துக்கிழமை பொண்டாட்டிய ஏத்திட்டு போறாங்க. பறக்குற குணத்தை மாத்தணும்னே ஒட்டுற பொருளை சின்ன மாற்றம்னு சொல்ல முடியாதுங்க. உங்க பிளேனை எப்படிப் பறக்கலாம்னு சொல்ற ஆபரேட்டிங் லிமிடேஷன்ஸ் பேப்பரை எடுத்துப் படிங்க, பெரிய மாற்றம்னா அமெரிக்க விமானத்துறையான எஃப்ஏஏவுக்கு சொல்லிட்டு திரும்ப டெஸ்ட் கட்டத்துக்குப் போகணும்னு இருக்கும், அந்த மணி நேரம் முடியிற வரை பாசஞ்சர் கிடையாது. எடை பின்னாடி போன நிலைல, ஃபிளாப் (இறக்கையோட பின் விளிம்புல இறக்குற பலகை) போட்டு, பவரோட, வளைவுல, எல்லாம் உயரத்துல தனியா பாக்கணும்.

பெரியவர் கடைசில ஏலரானுக்கு முன்னாடி மட்டும் விஜியை வச்சிக்கிட்டார், மெதுவா போகும்போது ஏலரான் நல்லா பிடிக்குது, உண்மையாவே. ஆனா பிளேன் கழுவுற அன்னைக்கு துணி ஒவ்வொண்ணுலயும் மாட்டி ரெண்டு பேந்துடும், அவர் தரைல குனிஞ்சு தேடிட்டு இருப்பார். ஒண்ணு பேந்தாலும் புதுசு ஒட்டாம கிளம்பாதீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். தம்பிக்கு நூல் மட்டும் வாங்கச் சொல்லிருக்கேன்.