மருத்துவப் பரிசோதனை வேறு, சிகிச்சைச் சோதனை வேறு

'பல்கலைக்கழகத்தில் விரைவில் தொடங்கவிருக்கும் மருத்துவப் பரிசோதனைகள். விருப்பமுள்ளவர்கள் பதிவு செய்துகொள்ளலாம்.' இப்படி ஓர் அறிவிப்பைப் படிக்கிறவர் என்ன நினைப்பார்? ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள், இலவச முகாம் போலிருக்கிறது, போய்விட்டு வரலாம் என்றுதான் நினைப்பார். அறிவிப்பு சொல்ல வந்ததோ வேறு. ஒரு புதிய மருந்து பலன் தருமா, கெடுதல் செய்யுமா என்று இன்னும் உறுதியாகத் தெரியாது. அதை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறோம். நீங்களும் சேரலாம் என்கிறது அது. ஆங்கிலத்தில் கிளினிக்கல் ட்ரயல். செய்தியிலும் படிவத்திலும் மொழிபெயர்ப்புச் செயலியிலும் இது 'மருத்துவப் பரிசோதனை' என்றே வந்துகொண்டிருக்கிறது. கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. ஒருவர் தன் உடம்பை ஒப்புக்கொடுக்கும் இடத்தில் நடக்கும் பிழை இது, சின்ன விஷயம் இல்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் 'கிளினே' என்றால் படுக்கை. நோயாளியின் படுக்கையருகே போய்ப் பார்க்கும் வைத்தியர் 'கிளினிக்கோஸ்'. 'ட்ரயல்' வந்தது பழைய பிரெஞ்சின் 'ட்ரியே' என்ற வினையிலிருந்து. பிரித்தெடுப்பது, சலிப்பது என்று பொருள். முறத்தில் புடைத்துப் பதரை ஒதுக்குகிறோமே, அந்த வேலை. ஆக, ஆய்வுக்கூடத்துக் குடுவையில் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஆட்களிடமே கொடுத்துப் பார்த்து நல்லதையும் ஆகாததையும் பிரிப்பது என்பதுதான் இந்தச் சொல்லின் உள்ளடக்கம். நம் பக்கத்தில் 'சோதனை' வடமொழி 'சோதன'த்திலிருந்து வந்தது. அங்கே அதற்குத் தூய்மை செய்தல் என்பதே முதற்பொருள். தமிழுக்கு வந்தபின் ஆராய்ந்து பார்ப்பது, துன்பம், வீடு புகுந்து தேடுவது என்று பல வேலை பார்க்கிறது.

சரி, 'பரிசோதனை' ஏன் ஆகாது? எது சோதிக்கப்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள். மருத்துவப் பரிசோதனையில் சோதிக்கப்படுவது உங்கள் உடம்பு. எக்ஸ்ரே சரியான கருவிதானா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அதன் நம்பகம் முன்பே முடிவான விஷயம். கிளினிக்கல் ட்ரயலில் நேர் எதிர். சோதனைக்கு உள்ளாவது மருந்து. நீங்கள் அந்தச் சோதனையை நடத்த உதவுகிறீர்கள். பதில் உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. தெரியாததால்தான் சோதனையே நடக்கிறது. இந்தத் திசை மாறிவிட்டால் மற்ற எல்லா விவரமும் குழம்பிவிடும்.

ஒப்புதல் படிவங்களில் இப்படி வரும்: 'இப்பரிசோதனையின்போது உங்களுக்கு ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்யப்படும். பரிசோதனையிலிருந்து நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.' எதிலிருந்து விலகலாம்? ரத்தம் எடுப்பதிலிருந்தா, மருந்து எடுப்பதிலிருந்தா? படிவத்திலேயே முக்கியமான வாக்கியம் அது, பங்கேற்பவரின் உரிமையைச் சொல்வது. அதைப் போய் இப்படி மங்கலாக்கி வைத்திருக்கிறார்கள்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்வதையும் பரிசோதனை என்கிறோமே என்று இதற்குப் பதில் சொல்வார்கள். சொல்கிறோம்தான். ஆனால் முன்னால் 'மருத்துவ' என்று போட்டவுடன் காதில் விழுவது ஒன்றே ஒன்றுதான். வேலையில் சேரும்போது மருத்துவப் பரிசோதனை, கைதானவருக்கு மருத்துவப் பரிசோதனை, வீரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை. அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு கட்சி 'மருத்துவ ஆய்வு' என்கிறது. இவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம். ஆய்வு என்பது பெரிய கூடாரம். எலியிடம் செய்வதும் மருத்துவ ஆய்வு, பழைய நோயாளர் கோப்புகளைப் புரட்டிக் கணக்கெடுப்பதும் மருத்துவ ஆய்வு. போதாக்குறைக்கு அமைச்சர் மருத்துவமனைக்குப் போய்ப் பார்ப்பதும் 'ஆய்வு' ஆகிவிட்டது. இவர்கள் இதைத் தேர்வதற்குக் காரணம் ஒன்று சொல்கிறார்கள்: 'சோதனை' என்றால் மக்கள் பயப்படுவார்கள், சோதனை எலி ஞாபகம் வரும், 'ஆய்வு' மென்மையாக இருக்கிறது. மென்மையாக இருப்பதுதான் அதன் குற்றம். புதிய மருந்தில் பக்கவிளைவு வரலாம், பலன் இல்லாமலும் போகலாம். படிப்பவர் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. அந்தத் தயக்கத்தைச் சொல்லிலிருந்து உருவி எடுத்துவிட்டு ஆள் சேர்ப்பது நேர்மையில்லை. 1947-இன் நியூரம்பர்க் நெறிகளும் 1964-இன் ஹெல்சின்கி பிரகடனமும் எழுந்ததே, மனிதர்களுக்கு விவரம் சொல்லாமல், அவர்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது என்பதற்காகத்தான். விவரம் சொல்வது ஆய்வின் பெயரிலிருந்தே தொடங்க வேண்டாமா?

'வெள்ளோட்டம்' என்று சொல்லும் நண்பர்களும் உண்டு. அழகான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் தேரைச் செய்து முடித்தபின்தான் வெள்ளோட்டம் விடுகிறோம். ஓடும் என்ற நம்பிக்கையோடு ஓட்டிப் பார்ப்பது அது. கிளினிக்கல் ட்ரயலில் நம்பிக்கைக்கு இடமில்லை, சந்தேகத்துக்குத்தான் இடம். மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கிய மருந்துகளில் பெரும்பாலானவை கடைக்கு வருவதே இல்லை. வெள்ளோட்டம் என்றால் இந்தத் தோல்விக்குச் சொல்லில் இடமே இருக்காது.

தனித்தமிழ் அன்பர்கள் 'பண்டுவ ஆய்வு' என்பார்கள். பண்டுவம் நல்ல தமிழ், சிகிச்சை என்றே பொருள். கட்டுரையில் எழுதுங்கள், மகிழ்ச்சியாகப் படிக்கிறேன். ஆனால் வலியோடு மருத்துவமனையில் உட்கார்ந்திருப்பவர் கையில் கொடுக்கும் தாளில் வேண்டாம். தூய்மைக்கும் தெளிவுக்கும் மோதல் வந்தால், நோயாளி பக்கம் நிற்பதுதான் முறை என்று நினைக்கிறேன்.

என் சொல் 'சிகிச்சைச் சோதனை'. எது சோதிக்கப்படுகிறது என்பது முதற்சொல்லிலேயே வந்துவிடுகிறது. மருந்து மட்டுமானால் மருந்துச் சோதனை, தடுப்பூசியானால் தடுப்பூசிச் சோதனை. கொரோனா காலத்தில் 'தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை' என்று எல்லாரும் சரளமாகச் சொன்னோம், யாரும் குழம்பவில்லை. ட்ரயல் என்றால் மருந்து மட்டும்தான் என்பதும் இல்லை. அறுவை முறை, கருவி, உடற்பயிற்சி, உணவுமுறை எல்லாவற்றையும் இப்படிச் சோதிக்கிறார்கள். அதனால் பொதுப்பெயராகச் 'சிகிச்சை' நிற்கட்டும்.

கட்டங்களையும் சொல்லிவிடுகிறேன், அறிவிப்புகளில் அது வரும். முதற்கட்டத்தில் சில பத்துப் பேர், பெரும்பாலும் நோயில்லாதவர்கள். மருந்தை உடல் தாங்குகிறதா, எவ்வளவு கொடுக்கலாம் என்று பார்ப்பது. இரண்டாவதில் நோயுள்ள சில நூறு பேர் வரை. மூன்றாவதில் நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரக்கணக்கில் போகும். இருக்கிற சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நான்காவது, மருந்து விற்பனைக்கு வந்தபின் நடப்பது.

பெயர் ஒன்று சரியானால் போதுமா என்றால், போதாது. 'ராண்டமைஸ்ட்' என்பதைச் 'சீரற்ற' என்று எழுதுகிறார்கள். 'சீரற்ற கட்டுப்படுத்தப்பட்ட சோதனை' என்று படிப்பவர், ஏதோ ஒழுங்கில்லாமல் நடக்கும் வேலை என்றுதான் எண்ணுவார். உண்மையில் மிக ஒழுங்கான முறை அது: யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவர் ஆள் பார்த்து முடிவு செய்யாமல் தற்செயலுக்கு விடுவது. 1747-இல் 'சாலிஸ்பரி' கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒரு ஜோடிக்குக் கடல்நீர், ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் என்று ஆறு விதமாகக் கொடுத்தார். பழம் தின்றவர்கள்தான் சட்டென்று தேறினார்கள். ஆனால் யாருக்கு எது என்று அவரே முடிவு செய்தார். அப்படிச் செய்தால், மருத்துவர் தன்னையறியாமல் திடமான ஆளுக்கு நல்ல மருந்தைக் கொடுத்துவிடலாம். பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்து 1948-இல் முடிவை வெளியிட்டபோது இதைத் தீர்த்திருந்தார்கள். பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளர் வகுத்த முறைப்படி, யாருக்கு என்ன என்ற விவரம் ஒட்டிய உறைகளுக்குள் இருந்தது. உறையைப் பிரித்த பிறகுதான் தெரியும். 55 பேருக்கு மருந்தும் ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 4 பேர் இறந்தார்கள், இரண்டாவதில் 14 பேர். இதைச் சீரற்றது என்பதா? 'குலுக்கல் முறை' என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். ஆள் பார்த்துக் கொடுக்கவில்லை என்ற நியாயமும் அதிலேயே இருக்கிறது.

'டபுள் பிளைண்ட்' என்பதை 'இரட்டைக் குருட்டு' என்கிறார்கள். நோயாளிக்கும் மருத்துவருக்கும் யார் எந்தக் குழு என்று தெரியாது, அவ்வளவுதான். கண் மருத்துவத்தில் ஆங்கிலத்திலேயே 'மாஸ்க்ட்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்; பார்வை போய்விடுமோ என்று பயந்து வந்திருப்பவரிடம் 'பிளைண்ட்' என்று எப்படிச் சொல்வது? தமிழில் 'இருதரப்பும் அறியாத சோதனை' என்றால் என்ன குறைந்துவிடும்? 'பிளாசிபோ'வுக்குப் 'போலி மருந்து' என்கிறார்கள். போலி மருந்து விற்றவர் கைது என்று செய்தி படிக்கும் ஊரில், பல்கலைக்கழகமே போலி மருந்து கொடுக்கும் என்று எழுதினால் யார் வருவார்கள்? மருந்தில்லா மாத்திரை என்று நேராகவே சொல்லலாம். ஒப்பிடும் குழுக்களை ஆங்கிலத்தில் 'ஆர்ம்' என்பதால் 'சோதனையின் இரண்டு கைகள்' என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். மூலத்தைப் புரிந்துகொள்ளாமல் அகராதியை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு செய்யும் வேலை இது. கூலி குறைவு, நேரம் குறைவு என்பது எனக்கும் தெரியும். அப்படியிருந்தாலும் நோயாளி படிக்கும் தாளை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்க நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

அப்புறம், தொடங்கவிருக்கும் சோதனைகளின் பட்டியலில் 'ஆட்சேர்ப்பு இன்னும் தொடங்கவில்லை' என்று இருக்கும். வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நினைத்து விண்ணப்பத்தோடு போகிறவர் மேல் தப்பே இல்லை. 'பங்கேற்பாளர் சேர்க்கை' என்று எழுத வேண்டியது அது.

முதலில் சொன்ன அறிவிப்பை இப்படி எழுதலாம்: 'எங்கள் பல்கலைக்கழகத்தில் புதிய ரத்த அழுத்த மருந்து ஒன்றின் இரண்டாம் கட்டச் சிகிச்சைச் சோதனை தொடங்கவுள்ளது. மருந்து பலன் தருமா என்பது இன்னும் தெரியாது. குலுக்கல் முறையில் சிலருக்கு மருந்தும் சிலருக்கு மருந்தில்லா மாத்திரையும் தரப்படும். யாருக்கு எது என்று உங்களுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. விவரங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, விரும்பினால் மட்டும் சேரலாம். சேர்ந்தபின் எந்த நாளிலும், காரணம் சொல்லாமல் விலகலாம். அதனால் உங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சை நிற்காது.'